சுவரில் யார் முகம்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் மதில் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சாலைச் சுவர் என்றால் கம்பெனியின் பெயரும் ‘அனுமதி இல்லை’ என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஊருக்குள் திரும்பினால் கட்சி விளம்பரம், சிமென்ட் விளம்பரம், மனை விற்பனை. விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள், லாரியில் சரக்கேற்றும் இளைஞர்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காக்கள் ஆகியோரின் முகத்தை இந்தச் சுவர்களில் நாம் பார்த்ததில்லை.

இவர்களில் கணிசமானோர் காலனி மக்கள். ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதி என்பது அனைவருக்கும் தெரியும். வயல் வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கார், கைப்பேசி, டயர் செய்யும் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நிற்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சக தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனதால் கொதித்தெழுந்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அன்றுதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

நமக்குச் சுவர் என்ற சொல்லே வேறு நினைவுகளைக் கிளப்பும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் காலனியைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்துக் குடியிருப்பில் உறங்கிய 17 தலித்துகள் உயிரிழந்தார்கள். பிரித்து வைக்கவும் உயிரெடுக்கவும் செய்த சுவரில், நம் முகம் மரியாதையோடு ஏறினால் என்ன ஆகும்? சென்னையில் அப்படி நடந்திருக்கிறது.

கேமராவும் பெயின்ட்டும்

சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்ற புனைபெயர்கள் கொண்ட இரண்டு கிராஃபிட்டி ஓவியர்கள் பல மனிதர்களின் முகங்களைப் பிரமாண்டமாக வரைந்தார்கள். எல்லாம் உண்மையான மனிதர்களின் முகங்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். யாருக்குத் தொற்று என்று பார்த்துச் சொல்ல முடியாது. தீண்டாமையை அறிந்த நமக்கு அந்தச் சுவர் சொல்வது உடனே விளங்கும்.

இந்த வகை ஓவியத்துக்கு அடித்தளம் புகைப்படம்தான். ஆளை நேரில் சந்தித்து, பேசி, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கிறார்கள். படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே விகிதத்தில் சுவரிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குகிறார்கள். இரவில் புரொஜெக்டர் வைத்து வெளிக்கோடு வரைவதும் உண்டு. பிறகு சாரம் கட்டி, ரோலரும் ஸ்பிரே டப்பாவும் கொண்டு வண்ணம் ஏற்றுகிறார்கள். பள்ளியில் கட்டம் போட்டுத் தலைவர் படம் வரைந்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

2020-ல் கண்ணகி நகரும் இப்படி வண்ணம் பெற்றது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் வாழும், 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. மாநகராட்சி, ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஒரு பெயின்ட் நிறுவனம் ஆகியவை சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களை ஓவியங்களாக்கின. ஏ-கில் வரைந்த சுவரில் அங்குள்ள குழந்தைகள் சிரிக்கிறார்கள். முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட பகுதியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தது நல்ல மாற்றம். ஆனால், பழைய வாழ்விடத்தையும் அங்கிருந்த பிழைப்பையும் இழந்ததற்கு ஓவியம் ஈடாகாது. சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர், அந்த வீட்டுக்குத் தண்ணீர் வருகிறதா என்றும் கேட்க வேண்டும்.

கேமரா யார் கையில்?

முகம் சுவரில் ஏறினால் மட்டும் போதாது. அதைப் பார்த்த கண் யாருடையது என்பதும் முக்கியம். மதுரை ஜவஹர்லால்புரத்தில் பிறந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார் மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். பிறகு துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும் அவர்களின் பிள்ளைகளையும் படமெடுத்து, மக்கள் முன் காட்சிக்கு வைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கே கேமரா கொடுத்துப் பயிற்சியும் தந்தார். அவர்கள் தம் தெருவையும் தம் பெற்றோரின் வேலையையும் தாமே எடுத்தார்கள். பரிதாபம் தேடி வருகிறவர் எடுக்கும் படத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை.

நம் தொழில் தடத்துக்கு நெருக்கமான இன்னொரு காட்சி பிரான்ஸ் நாட்டில் உண்டு. ஜே.ஆர். என்ற தெருக் கலைஞரும் இயக்குநர் ஆக்னஸ் வர்தாவும் எடுத்த 2017-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், லெ ஹாவ்ர் துறைமுகத் தொழிலாளர்களின் மனைவியர் மூவரின் படங்களை அடுக்கிவைத்த கன்டெய்னர்கள்மீது ஒட்டுவார்கள். துறைமுகம் என்றால் ஆண்கள் என்றே நினைத்த இடத்தில் மூன்று பெண்கள் கன்டெய்னர் உயரத்துக்கு எழுந்து நிற்பார்கள். ஒரகடம் சாலையில் தினமும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும் நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நம் ஊரில் செய்தால்

ஜே.ஆரின் முறை காகிதமும் பசையும்தான். சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை நமக்குத் தெரிந்ததே. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுச் சேர்த்து ஒட்டினால் ஆளுயரப் படம் வந்துவிடும். செலவும் குறைவு. நம் தெருக்களில் சாதாரண மனிதரின் படம் பெரிதாவது மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி பேனர்களில்தான். உழைக்கும் கோலத்தில், உயிரோடு இருக்கும்போதே ஒருவரைப் பெரிதாக்கிப் பார்ப்பது நமக்கே புதிதாக இருக்கும்.

ஆனால் சில எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, சம்மதம். ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தன் முகம் வெளியே தெரிவதால் வேலைக்கே ஆபத்து வரக்கூடும். படத்தைக் காட்டி, எங்கே ஒட்டப்போகிறோம் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகே ஒட்ட வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் அன்றே அகற்ற வேண்டும். இளம்பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். முகம் காட்ட விரும்பாதவரின் கைகளை மட்டும் படமெடுக்கலாம். அந்தக் கைகளும் கதை சொல்லும்.

இரண்டாவது, சுவர். திறந்தவெளி இடங்களின் அழகைச் சிதைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தனியார் சுவரானால் உரிமையாளரிடமும், பொதுச் சுவரானால் ஊராட்சியிடமும் எழுத்துபூர்வ அனுமதி பெறுவது நல்லது. தகராறுக்கு வழியில்லாமல் நம் தெருச் சுவர், நூலகச் சுவர், இரவுப் பாடசாலைச் சுவர் என்று தொடங்கலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-க்கு முன் நம் காலனிகளில் சுவர்களுக்கு வெள்ளையடித்து, நீல வண்ணத்தில் அண்ணல் அம்பேத்கரை வரைகிறோம். அடுத்த முறை பெயின்ட் வாங்கும்போதே தெருவில் ஒரு கூட்டம் போடலாம். அண்ணலின் படத்துக்குப் பக்கத்தில் யார் முகம் இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவே பேசி முடிவு செய்யட்டும். நாற்று நட்ட பாட்டியா, நைட் ஷிப்ட் முடித்து வரும் மகளா, குப்பை வண்டி தள்ளும் அண்ணனா? கல்லூரி மாணவர்கள் படம் எடுக்கட்டும், பள்ளிப் பிள்ளைகள் கட்டம் போடட்டும். முகத்துக்குக் கீழே, அவர் சம்மதித்தால், பெயரையும் செய்யும் வேலையையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.