எட்டுத் தோல்விகள்: மொன்றியல் அணியின் 1976-77 பருவகாலம்

பனி நாடுகளுக்கு வந்து சேர்ந்த எம்மவர்க்கு ஐஸ் ஹொக்கி முதலில் விளங்காத ஆரவாரமாகவே தோன்றுவது வழக்கம். பனித்தரையிற் சறுக்கிச் செல்லும் அறுவர், எதிரே அறுவர். கையில் வளைந்த தடி. கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் ஓடும் சிறு கறுப்பு இறப்பர் வட்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஆர்வத்தாலேயே பல வீடுகளில் இவ்விளையாட்டுப் புகுந்தது. கனடாவில் வாழும் வாசகர்கள் அப்பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: இதுவரை ஆடிய அணிகளுள் தலைசிறந்தது எது? எந்த அணியின் ஆதரவாளராயினும், அந்த விவாதத்தில் 1976-77 இன் மொன்றியல் கனேடியன்ஸ் அணியைத் தொடாமற் செல்ல முடியாது.

அப்பருவகாலத்தில் தேசிய ஹொக்கி லீக்கின் 18 அணிகளும் தலா 80 ஆட்டங்கள் ஆடின. மொன்றியல் 60 ஆட்டங்களில் வென்றது. 12 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. தோற்றவை 8 மட்டுமே. வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று என்ற அக்காலக் கணக்கின்படி 132 புள்ளிகள். அடித்த கோல்கள் 387, வாங்கியவை 171. அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோல் அடித்து இரண்டை வாங்கிய அணி இது. சொந்த அரங்கான ஃபோரத்தில் ஆடிய 40 ஆட்டங்களுள் தோற்றது ஒன்றே ஒன்று. 1976 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, பொஸ்ரன் புறூயின்ஸ் அணியிடம், 3-4 என்ற கணக்கில். அதற்குப் பின் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 2 வரை 34 ஆட்டங்கள் தொடர்ச்சியாக அங்கே தோல்வி என்பதே இல்லை.

இத்தகைய அணி ஓராண்டில் முளைப்பதில்லை. அதன் வேரைத் தேடினால் அரங்கின் பனித்தரையை விட்டு அலுவலக மேசைக்குப் போகவேண்டும். அங்கே இருந்தவர் பொதுமுகாமையாளர் சாம் பொலொக். 1967 இல் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. புதிய அணிகளுக்கு உடனடி வெற்றி வேண்டும். இல்லையேல் அரங்கு நிரம்பாது. பொலொக்கிடம் தேர்ந்த வீரர்கள் தேவைக்கு மேல் இருந்தனர். அவர்களைக் கொடுத்து, அப்புதிய அணிகளின் வருங்காலத்தை, அதாவது பின்னொரு ஆண்டில் புதுமுக வீரரைத் தெரிவுசெய்யும் உரிமையை, அவர் வாங்கிக்கொண்டார். இன்றைய பசிக்கு விதைநெல்லை விற்றவர்கள் மற்றவர்கள். வாங்கி வைத்தவர் பொலொக்.

இவற்றுள் மிகப் பேசப்படுவது 1970 இல் கலிபோர்னியா கோல்டன் சீல்ஸ் அணியுடன் செய்த பரிமாற்றம். ஏர்னி ஹிக்கி என்ற வீரரைக் கொடுத்து, 1971 இல் கலிபோர்னியாவுக்கு உரியதாகும் முதற்சுற்றுத் தெரிவை மொன்றியல் பெற்றது. லீக்கில் கடைசியாக வரும் அணிக்கே முதல் தெரிவு என்பது அன்றைய விதி. அவ்வாண்டு தெரிவுக்கு வரவிருந்தவரோ கியூபெக்கின் இளைஞர் அணியொன்றில் ஒரே பருவகாலத்தில் 130 கோல்கள் அடித்த கீ லஃப்ளர். கலிபோர்னியா கடைசியாக வரவேண்டும். ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அதைவிடக் கீழே போய்விடும் போலிருந்தது. 1971 ஜனவரியில் பொலொக், அனுபவம் மிக்க றால்வ் பக்ஸ்ரொமை லொஸ் ஏஞ்சல்சுக்கு அனுப்பினார். லொஸ் ஏஞ்சல்ஸ் எழுந்தது. கலிபோர்னியா கடைசியில் நின்றது. லஃப்ளர் மொன்றியலுக்கு வந்தார். பக்ஸ்ரொமே இடமாற்றம் கேட்டிருந்தார் என்பதால், இதை முழுக்க முழுக்கப் பொலொக்கின் சாணக்கியம் என்று சொல்வது சற்று மிகையாகும். ஆயினும், வரும் சந்தர்ப்பம் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே கண்டவர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை.

லஃப்ளரின் முதல் மூன்று ஆண்டுகள் ஏமாற்றமே. 29, 28, 21 எனக் கோல்கள் குறைந்துகொண்டே போயின. மாபெரும் வீரர் ஷான் பெலிவோ ஓய்வுபெற்ற அதே ஆண்டில் வந்தவர் அல்லவா? அந்தச் சிம்மாசனத்துக்கு உரியவர் என்று எல்லோரும் எதிர்பார்த்த பாரமே அவரை அழுத்தியது என நாம் கருதுகிறோம். 1974-75 இல் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஆடத் தொடங்கினார், 53 கோல்கள். அன்றுமுதல் ஆறு பருவகாலங்கள் தொடர்ந்து ஐம்பதுக்குக் குறையவில்லை. எமது கதைக்குரிய 1976-77 இல் 56 கோல்கள் அடித்து, மேலும் 80 கோல்களுக்குத் துணைநின்று, 136 புள்ளிகளுடன் லீக்கின் முதல்வரானார். அவருடன் இடப்புறம் ஆடிய ஸ்ரீவ் ஷட் 60 கோல்கள் அடித்தார். இடப்புற ஆட்டக்காரர் ஒருவர் அந்த எண்ணைத் தொட்டது அதுவே முதல் தடவை. பின்னணியில் லாறி றொபின்சன், சேர்ஜ் சவார், கீ லப்வான்ற் என்ற மூவர் அரணாக நின்றனர்.

இவ்வணியின் ஆட்டம் அக்காலத்துக்கு ஒரு மறுமொழியாகவும் இருந்தது. 1974 இலும் 1975 இலும் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றவர்கள் பிலடெல்பியா ஃபிளையேர்ஸ். முட்டியும் கைகலந்தும் எதிரணியை அச்சுறுத்தி வெல்வது அவர்களின் வழி. அதுவே இனி ஹொக்கியின் வழி என்று பலர் எண்ணத் தொடங்கியிருந்தனர். 1976 இறுதித் தொடரில் மொன்றியல் அவர்களை நான்கு ஆட்டங்களிலும் வென்றது. வேகத்தாலும் திறனாலும் வெல்லலாம் என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்டது. றொபின்சனின் தோள்வலியை ஃபிளையேர்ஸ் அறிவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவர்கள் அகிம்சாவாதிகள் அல்லர்.

பயிற்சியாளர் ஸ்கொற்றி போமன், மொன்றியலை அடுத்த வேர்டனிற் பிறந்தவர்; இளமையில் தலையிற் பட்ட காயத்தால் ஆட்ட வாழ்வு தடைப்பட்டவர். இவரை வீரர்கள் விரும்பினார்கள் என்று எவரும் எழுதவில்லை. ஆண்டில் 364 நாட்கள் அவரை வெறுத்து, எஞ்சிய ஒரு நாளில் கிண்ண மோதிரத்தை வாங்கிக்கொள்வதே வழக்கம் என்ற கருத்தில் ஷட் சொன்ன நகைச்சுவை பெயர்பெற்றது. எந்த வீரருக்கும் தமது இடம் உறுதி என்ற நிம்மதியை அவர் விட்டுவைக்கவில்லை. நல்லாசிரியர் எவரும் இப்படி நடக்கலாகாது என்பது விரிவுரை மண்டபத்திற் பழகிய எமது கட்சி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் வெல்லும் அணிக்கு எதிரணியால் ஆபத்தில்லை. அதன் ஆபத்து அதன் மெத்தனமே. அந்த எதிரியோடு 80 ஆட்டங்களும் மல்லாடியவர் போமன்.

எம்மை அதிகம் கவர்பவர் கோல் காப்பாளர் கென் ட்றைடன். சட்டம் பயின்றவர். சம்பளப் பிணக்கால் 1973-74 பருவகாலம் முழுவதும் ஆடாமல் ரொறொன்ரோவில் சட்டத்தரணி நிறுவனமொன்றில் பயிலுநராகப் பணிபுரிந்தவர். பின்னாளில் கனடாவின் அமைச்சராகவும் இருந்தார். 1976-77 இல் அவர் நின்ற ஆட்டங்களில் வெற்றி 41, தோல்வி 6, சமநிலை 8. எஞ்சியவற்றில் மிஷெல் லறொக் காத்தார். பத்து ஆட்டங்களில் ட்றைடன் ஒரு கோலும் விடவில்லை. இத்தனை வலிய அணியின் காப்பாளருக்கு நெடுநேரம் வேலையிராது. தடியை நிமிர்த்தி நட்டு, அதன் நுனியில் கைகளை மடித்து வைத்து நாடியைத் தாங்கியபடி அவர் நிற்கும் தோற்றம் பலர் மனதிற் பதிந்தது. ஆனால் பந்தயம் முழுவதும் சும்மா நிற்பவரே, திடீரென வரும் ஒரு வட்டை விட்டுவிட்டால் பழிக்கு ஆளாவார்.

அந்தப் பருவகாலத்தின் ஓர் இரவு விளையாட்டுக்கு அப்பாற்பட்டது. 1976 நவம்பர் 15. கியூபெக் மாகாணத் தேர்தலில், தனி நாட்டுரிமை கோரிய பார்ட்டி கெபெக்குவா 110 இடங்களில் 71 ஐப் பிடித்து முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது. அதே இரவு ஃபோரத்திற் செயின்ற் லூயிஸ் அணியுடன் ஆட்டம். முடிவுகள் அரங்கின் அறிவிப்புப் பலகையில் வந்துகொண்டிருக்க, புதிய அரசு அமைகிறது என்ற வரி தோன்றியதும் பார்வையாளரிற் பலர் எழுந்து ஆரவாரித்ததையும், ஏனையோர் இருந்த இடத்திலேயே மௌனித்ததையும் ட்றைடன் பின்னர் தமது நூலில் எழுதினார். ஒரே அணிக்குக் கைதட்டியவர்கள் இரு மக்களாகப் பிரிந்து நின்ற கணம் அது. அணிக்குள்ளும் இரு மொழிகள்: லஃப்ளர், சவார், லெமேர், கூர்நுவாயே பிரெஞ்சு மொழியினர், ட்றைடன், றொபின்சன், ஷட், கெய்னி ஒன்ராறியோவின் ஆங்கிலத்தவர். அணி பிரியவில்லை. அடுத்த ஆண்டு, 1977 ஓகஸ்ட்டில், அந்த அரசு இயற்றிய 101 ஆம் இலக்க மொழிச் சட்டத்தின் விளைவாகவே, பின்னர் மொன்றியலில் வந்து குடியேறிய எம்மவரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளிற் சேர்ந்தனர் என்பதை அந்நகர வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இவ்வெற்றிகளை மலிவானவை என்போரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயமுண்டு. ஏழே ஆண்டுகளில், 1974 அளவில், அணிகள் ஆறிலிருந்து பதினெட்டாகிவிட்டன. 1972 இல் தோன்றிய போட்டி லீக் வேறு வீரர்களை இழுத்துக்கொண்டது. லஃப்ளரைப் பறிகொடுத்த கலிபோர்னியா அணி 1976 இல் கிளீவ்லண்டுக்கு இடம்பெயர்ந்து, 1978 இல் மினசோட்டாவுடன் கரைந்தே போயிற்று. நலிந்தவர்களை நலிவாக்கியதிற் பொலொக்கின் கையும் இருந்தது. ஆனால் அதே நலிந்த அணிகளோடுதான் மற்றவர்களும் ஆடினார்கள். இரண்டாவதாக வந்த பிலடெல்பியா பெற்றது 112 புள்ளிகள். இந்த இருபது புள்ளி இடைவெளியை லீக்கின் பலவீனத்தால் மட்டும் விளக்க இயலாது.

கிண்ணத்துக்கான சுற்றுக்களில் செயின்ற் லூயிஸ் நான்கு நேர் ஆட்டங்களில் வீழ்ந்தது. நியூயோர்க் ஐலண்டேர்ஸ் இரண்டு ஆட்டங்களில் வென்று, ஆறாவதில் அடங்கியது. இறுதித் தொடரில் எதிர்நின்றது டொன் செரி பயிற்றிய பொஸ்ரன். ஒக்ரோபரில் ஃபோரத்தில் வென்ற அதே அணி. இம்முறை ஓர் ஆட்டமும் அதற்குக் கிட்டவில்லை. 1977 மே 14, பொஸ்ரன் அரங்கில், நான்காம் ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் ஷாக் லெமேர் அடித்த கோலுடன் தொடர் முடிந்தது.

பெரும் பருவகாலங்கள் வேறு அணிகளுக்கும் வாய்த்துள்ளன. அவற்றின் முடிவைப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். 1995-96 இல் அதே போமன் பயிற்றிய டிட்றொயிற் 62 வெற்றிகள் பெற்று, இறுதிக்கு முந்திய சுற்றிற் கொலராடோவிடம் தோற்றது. 2018-19 இல் ராம்பா பே அணியும் 62 வென்று, முதற்சுற்றிலேயே நான்கு நேர் ஆட்டங்களில் வெளியேறியது. 2022-23 இல் பொஸ்ரன் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்று மொன்றியலின் புள்ளிச் சாதனையை முறியடித்தது. ஆடியவை 82 ஆட்டங்கள், சமநிலை என்பதே ஒழிக்கப்பட்ட காலம். புளோரிடாவிடம் முதற்சுற்றிலேயே அதுவும் வீழ்ந்தது.

மொன்றியல் 1976 முதல் 1979 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கிண்ணத்தை வைத்திருந்தது. 1978 இல் அணி கைமாறியபோது பொலொக் விலகினார். 1979 இல் போமன் பஃபலோவுக்குப் போக, ட்றைடன், லெமேர், கூர்நுவாயே மூவரும் அணியை விட்டு அகன்றனர். ஃபோரத்தில் 1996 மார்ச்சில் இறுதி ஆட்டம் நடந்தது. லஃப்ளர் 2022 ஏப்ரலிலும், ட்றைடன் 2025 செப்ரெம்பரிலும் காலமாயினர். எழுபதும் அதற்கு மேலும் ஆட்டங்கள் கொண்ட பருவகாலங்களில், எட்டுத் தோல்விகளுக்குக் குறைவாக வேறெந்த அணியும் 2025 வரை முடித்ததில்லை.