பிரசங்க பீடத்தில் வாசிக்கப்பட்ட பெயர்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை நீடித்த காலம் முழுவதும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே இருந்ததில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் உடைமைகள். உடைமைக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது. திருமணமோ ஓர் ஒப்பந்தம் என்பதால் அவர்களுடைய கணவன் மனைவி உறவு எந்த அரசு ஏட்டிலும் ஏறவில்லை, பிறந்த குழந்தைகள் தாயின் உரிமையாளருக்கே சொந்தமானார்கள். அதே மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட கிறிஸ்தவமோ, கடவுள் இணைத்துவைத்தவர்களை மனிதர் பிரிக்கலாகாது என்று போதித்தது. இந்த முரண்பாட்டின் நடுவே ஒரு சமூகம் குடும்பங்களை அமைத்ததும், அவை சிதறடிக்கப்பட்ட பிறகு ஆலயத்தின் வழியாகவே அவற்றைத் தேடியதும் கிறிஸ்தவ வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதிகளாகும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808-ல் தடை செய்தது. ஆனால் நாட்டுக்குள் நடந்த விற்பனைக்குத் தடை ஏதுமில்லை. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களிலிருந்து, பருத்தியும் கரும்பும் விளையத் தொடங்கிய மிசிசிப்பி, அலபாமா, லூசியானா பகுதிகளுக்கு உள்நாட்டுப் போருக்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் கொண்டுசெல்லப்பட்டனர். உரிமையாளர் இறந்து சொத்து பாகம் பிரிக்கப்படும்போதும், அவர் கடனில் மூழ்கும்போதும் தாய் ஓரிடத்துக்கும் பிள்ளை வேறிடத்துக்கும் விற்கப்படுவது வழக்கமாக இருந்தது.

வெள்ளையர் சபைகள் இதற்குத் தந்த விடை, படிப்பவரை இன்றும் நிலைகுலையச் செய்வது. துணை விற்கப்பட்டுவிட்ட ஓர் அடிமை மறுமணம் செய்தால் அது விபசாரமாகுமா என்ற கேள்வி 1835-ல் சவானா நதி பாப்டிஸ்ட் சங்கத்தின் முன் வந்தபோது, அடிமைகளைப் பொறுத்தவரை விற்பனையால் நேரும் பிரிவு மரணத்தால் நேரும் பிரிவுக்குச் சமம் என்று அச்சங்கம் முடிவு செய்தது. விற்றவரின் பாவத்தைப் பற்றி அந்த முடிவு பேசவில்லை. திருமணம் நடத்திவைத்த போதகர்கள் சிலர், மரணம் பிரிக்கும்வரை என்னும் உறுதிமொழியோடு தொலைவு பிரிக்கும்வரை என்பதையும் சேர்த்துக்கொண்டனர். நற்செய்தியின் மிக எளிய கட்டளையைக்கூடச் சந்தையின் தேவைக்கேற்ப வளைத்த இந்தத் தழுவலை, காலத்தின் இயல்பு என்று மன்னித்துவிட முடியாது. ஏனெனில் அதே காலத்தில் அதை எதிர்த்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். அந்த எதிர்ப்பினால்தான் மெதடிஸ்ட் திருச்சபை 1844-ல், பேராயர் ஒருவர் அடிமைகளை வைத்திருக்கலாமா என்ற வழக்கில் பிளந்தது. மறு ஆண்டு அடிமை உரிமையாளர்களின் பக்கம் நின்று தெற்கு பாப்டிஸ்ட் பேரவை உருவானது. அந்தப் பேரவை தன் கடந்தகாலத்துக்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 1995-ல்தான்.

கறுப்பின மக்கள் தங்களுக்கெனக் கட்டிய சபை இதற்கெல்லாம் முன்பே தோன்றியது. அதை நிறுவிய ரிச்சர்ட் ஆலன் 1760-ல் அடிமையாகப் பிறந்தவர். தாயும் உடன்பிறந்தோர் சிலரும் விற்கப்பட்டதை இளம் வயதிலேயே கண்டவர். பின்னர் உழைத்துப் பணம் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கியவர். ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில், முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களை எழுப்பி இடம் மாறச் சொன்னதால், அவரும் நண்பர் ஆப்சலோம் ஜோன்ஸும் மற்றவர்களும் அங்கிருந்து வெளியேறினர். 1794-ல் பெத்தேல் ஆலயம் எழுந்தது. 1816-ல், பேராயர்களின் நிர்வாகத்தில் இயங்கும் தனித் திருச்சபையாக ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை அமைந்தது. ஆலன் அதன் முதல் பேராயரானார்.

இத்திருச்சபையின் வார ஏடான ‘கிறிஸ்டியன் ரெக்கார்டர்’, 1865-ல் போர் முடிந்ததும் எவரும் திட்டமிடாத ஒரு பணியை ஏற்க நேர்ந்தது. விடுதலை பெற்ற சுமார் 40 லட்சம் பேரில் கணிசமானோர் முதலில் செய்ய விரும்பியது உறவினரைத் தேடுவது. அதற்கு அரசின் ஆவணங்கள் உதவவில்லை. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் வயதும் பாலினமும் நிறமும் உரிமையாளரின் பெயருக்குக் கீழே பதிவாயின; அவர்களுடைய பெயர்கள் பதிவாகவில்லை. ஆகவே அந்த ஏட்டில் ‘தகவல் தேவை’ என்ற தலைப்பில் சிறு விளம்பரங்கள் வரத் தொடங்கின.

அவ்விளம்பரம் ஒன்றின் அமைப்பை நெருங்கிப் பார்த்தால் அக்காலத்தின் முழு வரலாறும் அதில் அடங்கியிருப்பது புலப்படும். தேடுபவர் தம் தாயின் பெயரைச் சொல்வார், உடனே தாயை வைத்திருந்தவரின் பெயரையும் சொல்வார். உரிமையாளர் மாறும்போது குடும்பப் பெயரும் மாறக்கூடும் என்பதால், வெள்ளையரின் பெயர் இன்றித் தாயை அடையாளம் காட்ட வழியில்லை. அடுத்து அண்ணன் தம்பி, அக்காள் தங்கையர் பெயர்கள் வரிசையாக வரும். யார் எந்த வியாபாரிக்கு விற்கப்பட்டார், எந்த ஊரில் கடைசியாகக் காணப்பட்டார், உடலில் தழும்பு உண்டா என்பவை தொடரும். முடிவில், போதகர்கள் தங்கள் சபையில் இதை வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோள் இருக்கும்.

அந்த வேண்டுகோள்தான் இதில் முக்கியமானது. அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவது தென் மாநிலங்கள் பலவற்றில் குற்றமாக இருந்ததால், விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் வாசிக்க அறியாதவர்கள். அச்சில் வந்தது அவர்கள் காதில் விழ ஞாயிறு ஆராதனையை விட்டால் வேறு இடமில்லை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வெளிவந்த மெதடிஸ்ட் ஏடான ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ 1879 முதல் ‘தொலைந்த நண்பர்கள்’ என்ற பத்தியை நடத்தியது. சந்தாதாரர் அல்லாதோருக்குக் கட்டணம் 50 சென்ட். ஏறத்தாழ 500 போதகர்களின் கைக்கு அந்த ஏடு சென்றதால், தேடல் ஒன்று ஒரே வாரத்தில் பல மாநிலங்களின் ஆலயங்களில் ஒலிக்க முடிந்தது. வேத வாசிப்பும் பிரசங்கமும் நடக்கும் அதே பீடத்திலிருந்து ஒரு தாயின் பெயர் வாசிக்கப்பட்டபோது, விற்பனையை மரணமாகக் கணக்கிட்ட பழைய தீர்மானத்தை அந்தச் சபைகள் செயலால் மறுத்தன என்றே கொள்ள வேண்டும். பிரிந்தவர் உயிரோடு இருக்கக்கூடும், அவர் இன்னும் குடும்பத்தினரே என்பது அங்கே இறையியலாகவும் அன்றாட நடைமுறையாகவும் இருந்தது.

இவ்விளம்பரங்களால் ஒன்றுசேர்ந்தவை என உறுதியாகத் தெரியும் குடும்பங்கள் மிகச் சிலவே. எனினும் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிப் பின்னாளில் சொல்லப்பட்ட பலவற்றுக்கு இவ்விளம்பரங்கள் நேரடி மறுப்பாக நிற்கின்றன. 1965-ல் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் தயாரித்த அரசு அறிக்கை, அடிமை முறை கறுப்பினக் குடும்பத்தைச் சிதைத்துவிட்டது என்றும் அச்சிதைவு இன்னும் தொடர்கிறது என்றும் வாதிட்டது. வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976-ல் வெளியிட்ட நூலில், அடிமைகள் மகனுக்குத் தந்தையின் பெயரையும் பாட்டனின் பெயரையும் தலைமுறைதோறும் இட்டுவந்ததைத் தோட்டப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். சட்டம் தந்தையை அறியாதபோதும் பிள்ளையின் பெயரில் தந்தை இருந்தார். சிதைக்கப்பட்டது என்பது வேறு, சிதைந்துபோனது என்பது வேறு. அறிக்கை இவ்விரண்டையும் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை.

முன்னாள் அடிமைகளில் பெரும்பாலோர் பெயரோடு முதன்முதலில் பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். அதற்கு முன்னால் தம் குடும்பத்தைத் தேடும் சந்ததியினருக்கு அந்த ஆண்டு ஒரு சுவரைப் போல நிற்கிறது. அச்சுவருக்கு அப்பால் இருந்த தாய், தந்தை, உடன்பிறந்தோரின் பெயர்களைச் சேர்த்துச் சொல்லும் அரிய ஆவணங்களில் இவ்விளம்பரங்களும் அடங்கும். 2017 முதல் வில்லனோவா பல்கலைக்கழகமும், ஆலன் நிறுவிய அதே பெத்தேல் ஆலயமும் இணைந்து, பழைய ஏடுகளில் இவற்றைத் தேடியெடுத்து எவரும் படிக்கும்படி வெளியிட்டு வருகின்றன. அவற்றுள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த விளம்பரங்களும் உண்டு. விடுதலைக்குப் பின் நாற்பது ஆண்டுகளாகியும் தேடலைக் கைவிடாதவர்கள் கொடுத்தவை அவை.