மன்னிச்சுட்டா தண்டனை கிடையாதா? கிறிஸ்தவம் சொல்றது என்ன?

‘மன்னிச்சுட்டா, தப்பு செஞ்சவன் தப்பிச்சிடுவானே?’ கோபத்தில் இருக்கும் எவருக்கும் வரும் கேள்விதான் இது.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸும் இரண்டு மகன்களும் வண்டிக்குள் தூங்கியபோது எரித்துக் கொல்லப்பட்டனர். கொலையாளிகளை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் அறிவித்தார். ஊரை விட்டுப் போகாமல், பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கிறிஸ்தவப் போதனைப்படி கோபம் வரலாம். பொழுது சாய்ந்த பிறகும் அதைச் சுமக்கக் கூடாது. மனஸ்தாபம் இருந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும்.

ஒப்புரவாக ரெண்டு பேரும் மனசு வைக்கணும். மன்னிக்க ஒருத்தர் போதும். அவர் விடுவது பழிவாங்கும் எண்ணத்தைத்தான்; தண்டனையைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.