ஏரி வற்றினாலும் சாகாத களைகள்: கோடையில் அடக்குவது எப்படி?

சித்திரை மாதத்தில் அடி அண்ணாமலை பக்கம் ஏரி, குட்டை ஓரமாக நடந்து பாருங்கள். மண் வெடித்துக் கிடக்கும். கோரையும் ஆரையும் கருகித் தெரியும். களை ஒழிந்தது என்று உழவை விட்டுவிட்டால், சம்பா நடவுக்குப் பிறகு இருமடங்கு கூலி கொடுக்க வேண்டிவரும்.

இந்தச் செடிகள் விதையை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஓடுதண்டு, கிழங்கு வழியாகப் பரவுகின்றன. தனித்தனியாகத் தெரியும் பத்துச் செடிகள் மண்ணுக்கடியில் ஒரே செடியாக இருக்கலாம். வாய்க்கால் ஈரத்தில் வேர்விட்ட பகுதி, வரப்பின் மேல் காயும் பகுதிக்குத் தண்டு வழியே தண்ணீர் அனுப்பும்.

வறட்சிக்கு ஏற்ற வளர்ச்சி

ஆரையைக் கவனியுங்கள். தண்ணீர் நின்றால் காம்பு நீண்டு, நாலிலையும் நீர்மேல் மிதக்கும். தண்ணீர் வடிந்தால் அதே செடி குட்டைக் காம்பில் சிறிய இலைகளை நிமிர்த்தி நிற்கும். இது பூக்காத பெரணி இனம். காம்பின் அடியில் உருவாகும் கடினமான வித்துக்காய்கள் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் முளைக்கும்.

கோரை தன் உணவைக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் அரை அடிக்குள்ளேயே மணிமாலை போலக் கோத்திருக்கும். நுனிக் கிழங்கு முளைத்தால் மற்றவை உறங்கும். மாலையை அறுத்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். ஈர மண்ணில் ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்தினால் களை பெருகுவது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சொர்ணவாரி பயிரிடாத நிலத்தில், மண் நன்கு காய்ந்த பிறகு கோடை உழவு செய்யுங்கள். வேரோடு இணைந்திருக்கும் கிழங்கு அடிமண் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். வேரறுந்து வெயிலில் கிடந்தால் உலர்ந்து சாகும்.

* மழை பெய்து கோரை முளைத்தால், புதுக் கிழங்கு வைக்கும் முன் மீண்டும் உழுங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1930-களில் நடந்த சோதனையில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு பருவம் உழுததில் கோரை ஒழிந்தது.

* வரப்பைச் செதுக்கும்போது வாய்க்கால் ஓரத் தண்டையும் அறுத்து, துண்டுகளை அள்ளி வெளியேற்றுங்கள். ஈரத்தில் விட்டால் துண்டுக்கு ஒரு செடியாகும்.

* ஆரையின் வித்துக்காயை உழவு அழிக்காது. காய் வைக்கும் முன், முதல் களையெடுப்பிலேயே தண்டோடு பிடுங்குங்கள். மருந்து அடிக்காத வயல் என்றால் கீரையாகச் சமைக்கலாம்.

* வாடிய களைக்குக் களைக்கொல்லி தெளிப்பது வீண் செலவு. மருந்து கிழங்குவரை சரியாக இறங்காது.

ஒரே கோடையில் முழுப் பலன் கிடைக்காது. அடுத்த கோடையிலும் விடாமல் செய்யுங்கள். உங்கள் மண்ணுக்கு ஏற்ற உழவுக் கருவி பற்றி வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, ஏர் பூட்டும் முன் ஒரு மண்வெட்டி மண்ணைத் தோண்டிக் கிழங்கு இருக்கும் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.