உறைவதும் உருகுவதும்

புதுக்கோட்டைச் சீமையில் கத்திரி வெயில் ஏறும் நாட்களில் பிற்பகல் உஷ்ணம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணமாயிருக்க, சாக்லேட்டுக்கு உருவமும் மினுமினுப்பும் அளிக்கும் கோக்கோ வெண்ணெயோ சுமார் 34 டிகிரியிலேயே இளகிவிடும் சுபாவமுடையது. கையில் திடமாக நின்று நாவில் பட்டதும் கரைகிற அதன் அபூர்வ குணம், அந்த உருகுநிலை குளிர்ந்த தேசத்துக் காற்றின் உஷ்ணத்துக்கு மேலும், மனித உடலின் 37 டிகிரிக்குச் சற்றுக் கீழும் அமைந்திருப்பதால் உண்டாவது. காற்றே உடலைவிடச் சூடேறிவிடும் ஊரில் அந்தக் குணத்துக்கு இடமில்லாமற் போகிறது. ஓவன் இல்லாமல் வீட்டிலேயே செய்யத்தக்க அடுக்குச் சாக்லேட் துண்டுகளை, கீழே பிஸ்கட் தூளும் வெண்ணெயும், நடுவே க்ரீம், மேலே சாக்லேட் என்று மூன்று படலமாக அமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து எடுக்கும் நம் பெண்மணிகள், தட்டில் வைத்த சிறிது நேரத்துக்குள் மூன்று படலங்களும் ஒன்றாய்க் குழைந்துபோவதைக் கண்டு தங்கள் கைப்பக்குவத்தையே சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகம் அநாவசியமானது. வெண்ணெய், க்ரீம், கோக்கோ வெண்ணெய் ஆகிய மூன்றும் கொழுப்பின் பலத்தால் நிற்பவை. மூன்றும் நம் வைகாசி வெயிலில் திடமாக நிற்க இயலாதவை.

கோக்கோ வெண்ணெயின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கொழுப்பு ஆறு விதமான படிக அமைப்புகளில் உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது அமைப்பே 34 டிகிரி வரை தாங்கி, உடைக்கும்போது சடக்கென்று முறியும் சாக்லேட்டைத் தருவது. உருக்கிய சாக்லேட்டை அப்படியே குளிரில் வைத்தால், அவசரமாக உறையும் கொழுப்பு, 28 டிகிரிக்குள்ளாகவே இளகிவிடும் தாழ்ந்த அமைப்புகளையே பெரும்பாலும் கைக்கொள்கிறது. மின்சாரம் நின்று பெட்டி சூடேறி, மறுபடியும் குளிரும் வீடுகளில் சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படருவதும் இந்தப் படிகங்கள் உருமாறுவதன் விளைவே. அது பூஞ்சையன்று, தின்பதால் கெடுதியில்லை.

கொழுப்பை விட்டு, நீரைக் கட்டி நிறுத்தும் பதார்த்தம் ஒன்றை நாடுவோமானால், மேல்நாட்டார் வழக்கமாகக் கையாளும் ஜெலட்டின் நம் முன் வருகிறது. ஆனால் மிருகங்களின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் அந்தப் புரதமும் 35 டிகிரியை எட்டுமுன்பே கரைந்து நீராகிவிடுவது. சைவ உணவுக்காரர்கள் ஏற்காததும் ஆகும். அதற்கு மாற்று நம் மாவட்டத்து அடுக்களைகளிலேயே இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதை வெளியூர் நண்பர்கள் பலர் அறிவதில்லை. பாக் நீரிணையை ஒட்டி மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று நீளும் அந்தக் கரையோர ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில், ரமலான் மாதத்து மாலைகளில் நோன்பு திறக்கும் வேளைக்கென்று பாலிலும் இளநீரிலும் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவைக்கும் பண்டமே கடல்பாசி. மளிகைக் கடைகளில் சைனா கிராஸ் என்ற பெயரிலும் கிடைக்கும் அந்த வெண்ணிற இழைகள், சிவப்பினத்துக் கடற்பாசிகளின் செல் சுவரிலிருந்து கொதிநீரில் பிரித்தெடுக்கப்பட்ட அகர் என்னும் மாவினமாகும். குளிர்சாதனப் பெட்டியின் உதவியின்றியே இறுகி, ரோஸ் நிறமும் பால் நிறமுமாய் அடுக்கடுக்காகத் துண்டு போடத்தக்க இந்தப் பண்டத்தை நன்கறிந்த அடுக்களைகள் நம் மாவட்டத்திலேயே இருக்க, உருகும் க்ரீமோடு நாம் ஏன் போராட வேண்டும்?

அகரின் விசேஷம் யாதெனில், அது உறையும் உஷ்ணம் வேறு, உருகும் உஷ்ணம் வேறு என்பதே. தண்ணீர் உறைவதும் உருகுவதும் ஒரே புள்ளியில். அகர்க் கரைசலோ ஆறிவரும்போது 35 முதல் 40 டிகிரி அளவில் இறுகி, ஒருமுறை இறுகியபின் 85 டிகிரிக்கு மேல் சூடேற்றினாலன்றி இளகுவதில்லை. கொதிநீரில் தனித்தனிச் சுருளாக மிதக்கும் அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், ஆறும்போது இரண்டிரண்டாய்ப் புரிந்துகொண்டு, அந்தப் புரிகளும் கற்றைகளாய்ச் சேர்ந்து ஒரு வலையை அமைக்க, தம் எடையைப்போல் நூறு மடங்கு நீர் அதன் கண்ணிகளில் அகப்பட்டு அசையாது நிற்கிறது. கற்றைகள் சேர்வதற்குச் சிறிது குளிர்ச்சியே போதும். சேர்ந்ததைப் பிரிக்கவோ மிகுந்த உஷ்ணம் வேண்டும். இந்த ஐம்பது டிகிரி இடைவெளியே நம் வெயிலுக்கு ஏற்ற அரண்.

இதனை ஆராய்ச்சி உலகம் அறிந்துகொண்டதும் ஒரு சமையலறையின் வாயிலாகத்தான். 1881-ஆம் ஆண்டு பெர்லினில் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மானிய வைத்தியர், கிருமிகளை வளர்ப்பதற்காக ஜெலட்டினில் அமைத்த தளங்கள் கோடை உஷ்ணத்தில் உருகியும், கிருமிகளாலேயே ஜீரணிக்கப்பட்டு நீராகியும் பாழாவதைக் கண்டு மனம் சோர்ந்திருந்தார். அதே கோடையில் தம் மனைவி ஃபானி செய்யும் ஜெல்லிகள் மட்டும் குலையாமல் நிற்பதன் காரணத்தை அவர் வினவ, நியூயார்க்கில் டச்சு வம்சத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்த அந்த அம்மையார், ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரிடம் தாம் கற்றுக்கொண்ட அகர்ப் பக்குவத்தைச் சொன்னார். அது கோக்குக்கு எட்டியது. அகரைப் பெரும்பாலான கிருமிகளால் ஜீரணிக்க இயலாது என்பதும், கிருமிகள் வளர ஏற்ற 37 டிகிரியில் அது சிறிதும் இளகாது என்பதும் சேர்ந்து, அன்று முதல் இன்று வரை உலகின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் அதனை நிலைபெறச் செய்தன. 1882-இல் வெளியான காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டாரே தவிர, ஹெஸ்ஸே தம்பதியின் பெயரைச் சொல்லவில்லை. ஃபானி அம்மையாரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் முதற்பக்கத்தில் அச்சாக வேண்டியது என்பது என் கருத்து.

இனி நம் அடுக்குத் துண்டுகளுக்கு வருவோம். அடிப்படலத்துக்குப் பிஸ்கட்டைவிட ஆதனக்கோட்டை முந்திரியே மேல் என்பேன். வறுத்து உடைத்த பருப்பை, உருட்டுப் பதத்துக்குச் சற்று மேற்பட்ட வெல்லப்பாகில் கிளறித் தட்டில் அழுத்திவிட்டால், வெண்ணெய் செய்யவேண்டிய வேலையைப் பாகு செய்துவிடும், வெயிலுக்கும் அஞ்சாது. ஆயினும் வெல்லம் ஈரத்தை இழுக்கும் இயல்புடையதாகையால், நீர் நிறைந்த கடல்பாசியை அதன் மேல் நேரே ஊற்றினால் அடி கசிந்துவிடும். இங்கேதான் சாக்லேட் பயன்படுகிறது. சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஒரு சொட்டு நீரும் விழாமல் உருக்கிய சாக்லேட்டை மெல்லிய பூச்சாகப் பாகுப் படலத்தின்மேல் தடவினால், கொழுப்பாதலால் அது நீரைக் கீழே விடாது. வெயிலில் இளகினாலும் இரண்டு திடப்படலங்களுக்கிடையே அடைபட்டிருப்பதால் ஓடிப்போக வழியில்லை. உருகும் குணத்தைக் குறையென்று ஒதுக்காமல், அக்குணத்தால் தீங்கு நேராத இடத்தில் சாக்லேட்டை வைப்பதே இந்த முறையின் சாரம்.

மேலிரு படலங்களுக்கு, 10 கிராம் கடல்பாசி இழைகளை அரைமணி நேரம் ஊறவைத்துக் கால் லிட்டர் நீரில் இழை கண்ணுக்குத் தெரியாதபடி கொதிக்கவிட வேண்டும்; கரையாத இழை கட்டியாய் நிற்கும், இறுகும் பலமும் குறையும். சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய அரை லிட்டர்ப் பாலைச் சூடாகவே இதனுடன் கலந்து, இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கில் மட்டும் கோக்கோத் தூளைச் சிறிது சூடான பாலில் குழைத்துச் சேர்க்கலாம். எலுமிச்சை முதலிய புளிப்புகளை இதோடு கொதிக்கவிடலாகாது. அமிலம் அந்தச் சங்கிலிகளைத் துண்டாக்கிவிடும்.

கோக்கோப் பங்கைக் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் ஆறவிட்டு முதலில் ஊற்றியபின், மற்றொன்றைச் சுடுநீரில் இருத்திக் காத்திருப்பதில்தான் அடுக்கின் வெற்றி தங்கியிருக்கிறது. மேற்பரப்பு ஆடை கட்டி, விரலால் தொட்டால் லேசாக ஒட்டிக்கொள்ளும் தருணத்தில் வெண்பாலை மெதுவாக ஊற்றவேண்டும். அதன் சூடு 60 டிகிரியாயிருப்பினும் கீழ்ப்படலம் 85-க்குக் குறைந்து உருகாதாகையால் இரண்டும் கலப்பதில்லை. இறுதிப் பிணைப்பு இன்னும் முடியாத மேற்பரப்பின் சங்கிலிகளோ புதிய படலத்தின் சங்கிலிகளோடு கைகோத்துக்கொள்கின்றன. நெடுநேரம் தாமதித்தால், இறுகும் வலை சுருங்கித் தன்னிடமிருந்து சிறிது நீரை வெளிவிட, அந்த ஈரத்தின்மேல் அமரும் படலம் கத்தி பட்டதும் வழுக்கித் தனியே வந்துவிடும்.

வெளியில் 39 டிகிரி அடிக்கும் நண்பகலில் 38-இல் உறையவேண்டிய கரைசல் எவ்விதம் உறையும் என்று வாசகர் கேட்கலாம். மண்பானைத் தண்ணீரை அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி அதனுள் தட்டை இருத்தினால் போதுமானது. பானையின் சுவர் வழியே கசிந்து ஆவியாகும் நீர் உள்ளிருப்பதைக் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. விளக்கு வைத்த பின் செய்தால் அதுவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் எச்சரித்தாக வேண்டும்: அகர் கிருமிகளுக்கு ஆகாரமாகாவிடினும், அதில் கட்டுண்டிருக்கும் பாலும் சர்க்கரையும் அவற்றுக்கு விருந்து. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் உறைந்த சில மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடுவதே உசிதம்.

நம் நாட்டு அகருக்கு மூலமானவை மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும். இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் அவற்றை மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகள் வாங்கிக் காய்ச்சுகின்றன. நம் புதுக்கோட்டைக் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படுவதோ வேறொரு சிவப்புப் பாசி, கப்பாஃபைக்கஸ் என்பது. பிலிப்பைன்ஸ் கடல்களுக்குரிய அந்தப் பயிரை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இங்கே பழக்கப்படுத்தியது. மூன்று மீட்டர்ச் சதுர மிதவையில் கட்டிவிட்டால் 45 நாட்களில் அறுவடைக்கு வரும். மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகளின்மேல் படர்ந்ததை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்ததால், எங்கே வளர்ப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அதிலிருந்து எடுக்கப்படும் காரஜீனன், லிட்டர் பாலுக்குக் கால் கிராம் அளவிலேயே பாலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நொய்ய வலையொன்றை அமைத்து, கோக்கோத் தூள் அடியில் படியாமல் தாங்கி நிற்கிறது. பெட்டிகளில் அடைத்து விற்கும் பல சாக்லேட் பால்களில் அது சேர்ந்திருப்பதன் ரகசியம் இதுவே. மணமேல்குடிப் பக்கத்துச் சுயஉதவிக் குழுப் பெண்கள் இன்று பாசியை உலர்த்தி எடைபோட்டு விற்பதோடு நின்றுவிடுகிறார்கள். காய்ச்சி வடித்துத் தூளாக்கும் சிறு ஆலை ஒன்று அந்தக் கரையிலேயே அமையுமானால், முந்திரியும் வெல்லமும் பாலும் ஏற்கெனவே விளையும் இம்மாவட்டத்தில், அடுக்கு இனிப்பின் மூலப்பொருள்களுள் வெளியிலிருந்து தருவிக்கவேண்டியவை பெரும்பாலும் அகரும் கோக்கோவுமாகவே இருக்கும்; கோக்கோவும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலில் விளைகிறது.