குளத்தை மூடும் பச்சைப் போர்வை: சல்வீனியா

தம்புள்ளைப் பக்கம் கண்டலம, கலேவெலப் பக்கம் தேவஹூவ என்று மாத்தளை மாவட்டத்தின் வடபாதி குளங்களை நம்பி வாழும் நாடு. அந்தக் குளங்களுக்கு ஒரு பகை உண்டு. பார்வைக்கு அழகான மிதக்கும் பன்னம் அது.

பிரேசிலைச் சேர்ந்த சல்வீனியா, 1939ஆம் ஆண்டு தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி, நீர்நிலைகளிலும் வயல்களிலும் பரவியது. இதற்கு விதையே தேவையில்லை. உடைந்த ஒரு துண்டு போதும். வெயிலும் சத்தும் வாய்த்தால் சில நாட்களிலேயே இருமடங்காகும். அடுக்கடுக்காகத் தடித்து வெயிலை மறிக்கும். அடியிலுள்ள நீர்ச்செடிகள் மடியும்; அழுகும் இலைகள் ஒட்சிசனைக் குறைக்க, மீன்கள் திணறும். தோணி நகராது, வலை விழாது, வாய்க்கால் அடைபடும்.

மருந்தும் பிரேசிலிலிருந்தே வந்தது. சுமார் 2 மில்லிமீற்றர் நீளமுள்ள கூன்வண்டு ஒன்று சல்வீனியாவின் குருத்தைத் தின்னும். அதன் புழு தண்டைத் துளைக்கும். அவுஸ்திரேலியாவில் வெற்றி கண்ட அந்த வண்டு 1986இல் இலங்கையில் விடப்பட்டது. பல குளங்களில் பச்சைப் போர்வை பழுப்பாகி அமிழ்ந்தது. இலங்கைச் சூழலியலில் இது பெரும் வெற்றி.

ஆனாலும் சல்வீனியா முற்றாக ஒழியவில்லை. மீன்தொட்டிச் செடிகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வேறு குளத்தில் போட்ட வலையை இங்கே இறக்கும் முன் உதறிக் காயவையுங்கள்.