நெற்பயிரின் உயரமும் அதனை ஆளும் புரதங்களும்

செங்கற்பட்டுப் பகுதியில் கோவிலம்பாக்கம், மேடவாக்கம் முதலிய ஊர்களின் வயல்களில் பெரும்பாகம் இன்று மனைகளாகிவிட்டது. எஞ்சிய நிலங்களில் சம்பாப் பயிருக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையும் காற்றுமே பெரிய சத்துரு. ஆளுயரம் வளரும் பழைய ரகங்கள் அக்காலத்தில் சாய்ந்துவிடும். எரு அதிகம் இட்டவருக்கே நஷ்டமும் அதிகம்.

பயிர் எவ்வளவு நீள்வது என்பதைப் பெரும்பாலும் ஜிப்பரெல்லின் என்னும் சுரப்பு தீர்மானிக்கிறது. ஏரி மடையை நினைத்தால் இது எளிதில் விளங்கும். டெல்லா என்ற புரதம் வளர்ச்சியை அடைத்து நிற்கும் மடைப்பலகை. ஜிப்பரெல்லின் திறக்கச் சொல்லும் உத்தரவு. அவ்வுத்தரவை ஏற்கும் மற்றொரு புரதம் நீர்க்கட்டி. நீர்க்கட்டி உத்தரவைப் பெற்றதும் பலகை அகற்றப்படுகிறது, தாள் நீள்கிறது.

இவற்றில் எது கெடினும் பயிரின் உருவம் மாறும். நெல்லில் பலகையே பழுதானால் நாற்று ஒல்லியாக ஓங்கி, மணி பிடிக்காமல் போகும். நீர்க்கட்டி இல்லாவிடில் பயிர் மிகவும் குட்டையாகவே நின்றுவிடும். இரண்டினாலும் குடியானவருக்குப் பிரயோஜனமில்லை. கோதுமையிலோ பலகை உத்தரவுக்கு இணங்காமல் இறுகிப்போன ஒரு மாறுதல், நோரின் 10 என்ற ஜப்பானிய ரகத்தின் வழியாகப் பரவி, வட இந்தியாவின் குட்டைக் கோதுமைகளுக்கு வித்தாயிற்று. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 நெல்லில் பலகையும் நீர்க்கட்டியும் சரியாகவே உள்ளன. உத்தரவு மட்டும் குறைவு. ஜிப்பரெல்லின் செய்யும் மரபணுவில் 383 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதே காரணமென 2002-இல் கண்டார்கள். ஆகவே அதன்மேல் ஜிப்பரெல்லினைத் தெளித்தால் நெல் உயரும். அக்குட்டைக் கோதுமை உயராது.

உத்தரவு வெளியிலிருந்தும் வரக்கூடும். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றிற்கு மேல் நீண்டு நிற்பதைச் செழிப்பென்று எண்ணலாகாது. ஒருவகைப் பூஞ்சணம் ஜிப்பரெல்லினைத் தானே சுரந்து பயிரை இவ்வாறு இழுக்கிறது. குரோசாவா என்பவர் 1926-இல் இந்நோயை ஆராய்ந்ததே மேற்கண்ட அறிவு அனைத்திற்கும் தொடக்கம். அத்தகைய நாற்றைப் பிடுங்கி அழிக்க வேண்டும். இந்நோய் விதை வழியே பரவுவதால் அவ்வயலின் நெல்லை விதைக்கு வைத்தல் கூடாது.

குட்டை ரகம் எல்லா நிலத்திற்கும் ஏற்றதென்பதன்று. வைக்கோல் குறைவு என்ற மனக்குறை நியாயமானதே. பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பாகங்களில் நாட்கணக்கில் நீர் நின்றால் குட்டைப் பயிர் முழுவதும் மூழ்கும். மூழ்கிய பயிர் மேலெழ முயன்று, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து மடிகிறது. சப்-1 என்னும் குணம் சேர்ந்த சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்களில், நீருக்கடியில் மடைப்பலகை மேலும் இறுகுகிறது. பயிர் நீளாமல் அடங்கியிருந்து, ஏறக்குறைய இரு வாரம் தாங்கி, நீர் வடிந்தபின் துளிர்க்கிறது. மழைக்குப் பின் நீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைப் பார்த்து, அதற்கிசைய விதை வாங்குவது நலம்.